கீத் பிரபுவின் கைநயம்

பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் பெயர் வாங்கியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு போர் உண்டு. ராட்னி என்றால் செயிண்ட்ஸ். ஹோவ் என்றால் 1794 ஜூன் முதல் தேதி. டங்கன் என்றால் கேம்பர்டவுன். நெல்சனுக்கு ஒன்றல்ல, மூன்று. இதே வரிசையில் நிற்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் கீத் எல்பின்ஸ்டனுக்கு மட்டும் அப்படி ஒரு போர் கிடையாது. இரண்டு பெரிய கப்பல் அணிகள் எதிரெதிரே வந்து மோதிய எந்தச் சண்டைக்கும் அவர் தலைமை தாங்கியதில்லை. ஆனாலும் மத்தியதரைக் கடல், வட கடல், ஆங்கிலக் கால்வாய் ஆகிய மூன்று பெரிய பொறுப்புகளையும் அவரை நம்பித்தான் ஒப்படைத்தார்கள். ஒரு பிரபுவின் ஐந்தாவது மகனாகப் பிறந்தவர், விஸ்கவுண்ட் பட்டத்தோடும் பெருஞ்செல்வத்தோடும் கண் மூடினார்.

காஞ்சிபுரம் பட்டை எடுத்துக் கொடுத்தால், விவரம் தெரிந்தவர்கள் முந்தானையை விரித்துப் பார்ப்பதற்கு முன் உடலும் கரையும் சேருகிற கோர்வையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கீத்தின் வாழ்க்கையையும் அங்கே கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடலும் நிலமும் சேருமிடம், கப்பல்காரனும் சிப்பாயும் சேர்ந்து வேலை செய்யுமிடம், வென்றவனும் தோற்றவனும் ஒரே மேஜையில் உட்காருமிடம் ஆகிய மூன்றிலும்தான் அவருடைய கைத்திறன் இருக்கிறது. எனக்கு அவர்மேல் உள்ள பிரியத்துக்கும் அதுவே காரணம்.

அவர் பிறந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1746 ஜனவரி 7. இடம், ஸ்டர்லிங் பக்கத்திலுள்ள எல்பின்ஸ்டன் டவர். ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றக் கிளம்பிய ஜாக்கோபைட் படை அப்போது ஸ்டர்லிங் கோட்டையைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்து பத்தாம் நாள், சில மைல் தூரத்திலேயே ஃபால்கர்க் சண்டை நடந்தது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் குழந்தைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: ஜார்ஜ் கீத். அது அம்மா கிளமென்டினாவின் தாய்மாமன் பெயர். அந்தத் தாய்மாமன் 1715 கலகத்தில் அரசனுக்கு எதிராக வாளெடுத்தவர். அதனால் ஏர்ல் மாரிஷல் என்ற பரம்பரைப் பட்டத்தையும் நிலபுலங்களையும் பறிகொடுத்து, நாடு கடந்துபோய் வாழ்ந்துகொண்டிருந்தார். வாசலில் போர் நடந்துகொண்டிருக்க, அரசு தேடிய கலகக்காரரின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு குழந்தை தொட்டிலில் கிடந்தது. ஐம்பத்தொரு வருஷம் கழித்து அதே ஹனோவர் அரச வம்சம், இதே ஆளுக்கு ‘ஸ்டோன்ஹேவன் மாரிஷலின் கீத் பிரபு’ என்று பட்டம் கொடுத்தது. பறிபோன பெயர் அப்படியே வீடு திரும்பியது. பட்டத்துக்கான ஊரையும் பெயரையும் தேர்ந்தெடுத்ததில் எவ்வளவு ஞாபகம், எவ்வளவு பாசம்! ஸ்டோன்ஹேவன், கீத் வம்சத்தாரின் கடலோரக் கோட்டையான டனாட்டருக்குப் பக்கத்து ஊர்.

ஐந்தாவது மகனுக்குப் பட்டமும் வராது, நிலமும் வராது. 1761இல் கடற்படையில் சேர்ந்தார். முதல் கப்பல் காஸ்போர்ட். அதன் கேப்டன் ஜான் ஜெர்விஸ், பிற்காலத்து செயின்ட் வின்சென்ட் பிரபு. இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் அந்தக் கடற்படையில் இருந்திருக்காது. சமாதான காலத்தில் வேலை குறைந்தபோது சும்மா இருக்கவில்லை. 1767இல் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் கிழக்கே வந்தார். உறவினர் ஒருவர் கடனாகக் கொடுத்த 2,000 பவுனைச் சொந்த வியாபாரத்தில் போட்டு நல்ல லாபம் பார்த்தார். கடன் வாங்கிய காசைப் பெருக்கத் தெரிந்த இந்தக் கணக்குப் புத்திதான் பிற்பாடு ஆயிரக்கணக்கான பேருக்குத் தண்ணீரும் ரொட்டியும் கணக்குப் பார்த்துக் கொண்டுபோகும் புத்தியாக வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கப் போரில் 1780இல் சார்ல்ஸ்டன் முற்றுகை. அங்கேதான் முதன்முதலாகக் கப்பல்காரர்களைக் கரையிறக்கித் தரைப்படையோடு சேர்ந்து வேலை செய்தார். தரைப்படை அதிகாரிக்கும் கடற்படை அதிகாரிக்கும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆகாது. யார் யாருக்கு உத்தரவு போடுவது என்ற தகராறிலேயே எத்தனையோ படையெடுப்புகள் பாழாகியிருக்கின்றன. எல்பின்ஸ்டனுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் வந்ததில்லை. அடுத்த வருஷம் டச்சுக்காரர்களின் ராட்டர்டாம் கப்பலைப் பிடித்தார். 1782இல் டெலவேர் முகத்துவாரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் லெகில் சிக்கியது. இதற்கிடையில் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆகிவிட்டார்.

1793இல் தூலோன். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்த அந்தத் துறைமுக நகரம் பிரிட்டிஷாருக்குக் கதவைத் திறந்துவிட்டது. எல்பின்ஸ்டன் லா மால்க் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். கப்பல் கேப்டன் ஒருவர் கரையில் ஒரு கோட்டையைக் காத்தார். ஒலியூல் பக்கம் வந்த பிரெஞ்சுப் படையைத் தரைச் சண்டையிலேயே விரட்டினார். டிசம்பரில் நகரம் கைவிட்டுப் போனபோது கடைசிப் படைகளைப் படகில் ஏற்றியது அந்தக் கோட்டையின் அடிவாரத்தில்தான். ஒரு தோல்வியின் நடுவே, இரவு நேரத்தில், பின்னால் ஊர் எரிந்துகொண்டிருக்க, எட்டாயிரம் பேரளவில் ஒழுங்காகப் படகேறினார்கள். வெற்றியில் முன்னேறுவதைவிடத் தோல்வியில் ஒழுங்காகப் பின்வாங்குவது கடினம் என்பது படைத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெளியே மேட்டிலிருந்து நகரத்தைக் குறிபார்த்த பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் இருபத்துநான்கு வயதுக் கார்சிகா இளைஞன் ஒருவன் இருந்தான், பெயர் போனபார்ட். இருவரும் ஒரே வளைகுடாவின் இரு பக்கம். முகம் பார்த்துக்கொள்ள இன்னும் இருபத்திரண்டு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

1795இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், டச்சுக்காரர் வசமிருந்த கேப். ஹாலந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. டச்சு இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடி வந்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்பின்ஸ்டன் ஜூன் மாதம் சைமன் விரிகுடாவில் நங்கூரமிட்டார். கரையில் இருந்த டச்சுக்காரர்கள் கடிதத்தை ஏற்கவில்லை. படை போதாது. அப்போது அவர் செய்ததுதான் அவருடைய முத்திரை. கப்பல்களிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மாலுமிகளை இறக்கி, இரண்டு பட்டாளமாகப் பிரித்து, தரைப்படைப் பயிற்சி கொடுத்தார். பாய் இழுத்துப் பழகிய கைகள் துப்பாக்கி பிடித்தன. ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜெனரல் கிரெய்க்கின் படை கடற்கரையோரமாக நடக்க, கப்பல்கள் அதே வேகத்தில் பக்கத்திலேயே மிதந்துவந்து மியூசன்பர்க் நிலைகளைச் சுட்டன. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவே குறுகலான பாதை. அந்தப் பாதையில் நடக்கிற படைக்குக் கப்பலே நகரும் மதில். செப்டம்பரில் கேப் சரணடைந்தது.

மறு வருஷம் அதை மீட்க வந்த டச்சு அட்மிரல் லூக்காஸின் கதை இன்னும் அருமை. 1796 ஆகஸ்டில் சல்டான்யா விரிகுடாவில் ஒன்பது டச்சுக் கப்பல்கள் ஒதுங்கியிருந்தன. எல்பின்ஸ்டன் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்று, சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஒன்பது கப்பலும் கைக்கு வந்தன. இதற்கு ஓவியம் வரைய முடியாது, பாட்டுக் கட்ட முடியாது. எனக்கென்னவோ பல போர்களைவிட இது பெரிய வேலையாகப் படுகிறது. இரு தரப்பிலும் உயிர் போகவில்லையே!

அந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவே, 1796 தொடக்கத்தில் அவர் சென்னைக்கும் வந்திருக்கிறார். கிழக்குக் கடல் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்த நேரம். அலையில் கப்பல் அணைய முடியாத, துறைமுகம் இல்லாத அந்த நாளையச் சென்னைக் கரையில் இறங்கி, உடம்பு சரியில்லாமல் கிடந்தார். டச்சுக்காரர்கள் வசமிருந்த திருகோணமலை அதற்கு முன்பே விழுந்திருந்தது, பிப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. திருகோணமலையில் கடற்பக்கத்தை நடத்தியவர் ரெய்னியர். எல்பின்ஸ்டன் என்ற பெயர் சென்னையில் தங்கியது வேறு வழியாக. அவருடைய அண்ணனின் பேரனான பதின்மூன்றாம் எல்பின்ஸ்டன் பிரபு 1837 முதல் 1842 வரை சென்னை மாகாண ஆளுநர். அடையாற்றின் குறுக்கே அவர் பெயரில் எழுந்ததுதான் எல்பின்ஸ்டன் பாலம். இன்று திரு.வி.க. பாலத்தில் வண்டியில் போகிறவர்கள் பக்கத்திலேயே அதைப் பார்க்கலாம். பம்பாய் ஆளுநராக இருந்த மவுன்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டனும் நம் கடல் அதிகாரியின் அண்ணன் மகன்தான்.

1797இல் தாயகத்தில் கடற்படை மாலுமிகள் கலகத்தில் இறங்கினார்கள். கீத் பிரபுவை ஷீர்னஸுக்கும் பிறகு பிளிமத்துக்கும் அனுப்பிவைத்தார்கள். இரண்டு இடத்திலும் நிலைமை அடங்கியது. மாலுமிகளோடு பேசத் தெரிந்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

பெரும்போர் ஒன்று அவர் கைக்கு எட்டி நழுவிய கதையையும் சொல்லிவிட வேண்டும். 1799 மே மாதம், காடிஸ் துறைமுகத்துக்கு வெளியே கீத் பதினைந்து பெரிய கப்பல்களோடு காவல் காத்துக்கொண்டிருந்தார். பிரெஸ்டிலிருந்து தப்பி வந்த புரூயியின் பிரெஞ்சு அணி இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களோடு அடிவானத்தில் தெரிந்தது. முதுகுப் பக்கம் துறைமுகத்துக்குள்ளே ஸ்பானிய அணி. கீத் நகரவில்லை, சண்டைக்கு வரிசை கட்டினார். அன்று மேற்கிலிருந்து அடித்த புயல்தான் இரு தரப்பையும் பிரித்தது. பிரெஞ்சுக்காரர்கள் மோதாமல் ஜிப்ரால்டர் வழியாக உள்ளே போய்விட்டார்கள். பிறகு வாரக்கணக்கில் துரத்தல். இத்தாலியக் கரையோரம் கிட்ட நெருங்கிய வேளையில், மினோர்க்காவைக் காக்கத் திரும்பு என்று செயின்ட் வின்சென்டிடமிருந்து உத்தரவு வந்தது. கீத் கீழ்ப்படிந்தார். புரூயி தப்பினார். அதே கோடையில் நேப்பிள்ஸிலிருந்த நெல்சனுக்குக் கீத், கப்பல்களை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்; நெல்சன் கீழ்ப்படியவில்லை. வரலாறு யாரைக் கொண்டாடியது என்பது எல்லோருக்கும் தெரியும். நூறு கப்பல்களை ஒரே கணக்கில் வைத்து ஓட்ட வேண்டிய தலைமைத் தளபதியின் இடத்தில் இருந்து பார்த்தால், எனக்குக் கீத் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

1800 மார்ச் 17. அவருடைய கொடிக்கப்பல் குயின் ஷார்லட், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு எதிரே கடலில் தீப்பிடித்தது. ஹோவின் கொடி பறந்த பெருமை வாய்ந்த கப்பல் அது. கீத் அன்று கரையில் இருந்தார். தூரத்தில் தன் கப்பல் எரிவதைப் பார்த்து, கிடைத்த படகுகளையெல்லாம் அனுப்பினார். நிறைத்து வைத்திருந்த பீரங்கிகள் சூட்டில் தாமாகவே வெடிக்க ஆரம்பித்ததால் படகுகள் கிட்டப் போகத் தயங்கின. கேப்டன் டாட் மேல்தளத்தை விட்டு நகரவில்லை. தீ எப்படிப் பற்றியது என்பதைச் சிறு சிறு தாள்களில் எழுதி, தப்பிக்கக்கூடியவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவரும் அவரோடு அறுநூறு பேருக்கு மேலும் மாண்டார்கள். உயிர் போகும் நேரத்திலும் மேலதிகாரிக்கு அறிக்கை போய்ச் சேர வேண்டும் என்று எழுதிய கையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கீத் வேறு கப்பலில் கொடியேற்றி, ஜெனோவா முற்றுகையைத் தொடர்ந்தார்.

ஜெனோவாவுக்குள்ளே மாசேனாவின் பிரெஞ்சுப் படை பட்டினி கிடந்தது. தரையில் ஆஸ்திரியர்கள், கடலில் கீத். ஜூன் 4ஆம் தேதி, கோர்னிலியானோ பாலத்தின் மேலிருந்த ஒரு சின்னக் கோயிலில் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசின. சரணாகதி என்ற சொல் பத்திரத்தில் இடம்பெறவே கூடாது என்று மாசேனா பிடிவாதமாக நின்றார். அவரிடம் மிகுந்த மரியாதையோடு பேசியவர் கீத்தான் என்று பிரெஞ்சுக்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். படை ஆயுதத்தோடு வெளியேறியது. பத்து நாள் கழித்து மாரெங்கோவில் போனபார்ட் ஆஸ்திரியர்களை வீழ்த்த, ஜெனோவா மறுபடி கை மாறியது. மாதக்கணக்கான உழைப்பு பத்தே நாளில் கரைந்தது.

அதே வருஷத் தொடக்கத்தில் கீத் எழுதிய ஒரு கடிதம் விபரீதமாக முடிந்தது. எகிப்தில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் படை ஊர் திரும்பத் துருக்கியரோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. போர்க்கைதிகளாகச் சரணடைந்தாலொழிய விட மாட்டோம் என்று கீத், லண்டன் உத்தரவுப்படி, தளபதி கிளெபருக்கு எழுதினார். கிளெபர் அந்தக் கடிதத்தை அப்படியே அச்சிட்டுத் தன் படை முழுக்கப் படிக்கக் கொடுத்தார். கொதித்தெழுந்த படை மார்ச் 20ஆம் தேதி ஹீலியோபொலிசில் துருக்கியரை நொறுக்கியது. லண்டன் மனம் மாறியபோது காலம் கடந்துவிட்டது. மாசேனாவிடம் காட்டிய பக்குவத்தில் கொஞ்சம் அந்தக் கடிதத்தின் நடையில் இருந்திருந்தால், எகிப்துக்கு ஒரு படையெடுப்பே தேவைப்பட்டிருக்காதோ என்று தோன்றுகிறது.

அந்தப் படையெடுப்பு வந்தது. வந்ததால்தான் கீத்தின் கைத்திறனை முழுதாகப் பார்க்கக் கிடைக்கிறது. தரைப்படைக்குத் தலைவர் சர் ரால்ஃப் ஆபர்குரோம்பி. அவருடைய டலிபாடி கிராமமும் கீத் பின்னாளில் குடியேறிய டலியாலனும் ஃபோர்த் ஆற்றங்கரையில் சில மைல் இடைவெளியில் இருக்கின்றன. படகுகளை நடத்தும் பொறுப்பு கேப்டன் அலெக்சாண்டர் காக்ரனுக்கு, அவரும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவின் மகன். மூன்று ஸ்காட்லாந்துக்காரர்கள் சேர்ந்து, துருக்கியின் மர்மாரிஸ் வளைகுடாவில் வாரக்கணக்கில் ஒத்திகை நடத்தினார்கள். எந்தக் கப்பலின் எந்தப் படகில் எந்தப் பிரிவு ஏற வேண்டும், படகுக்கும் படகுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தக் கொடி ஏறினால் துடுப்புப் போட வேண்டும் என்பதையெல்லாம் அந்த அமைதியான தண்ணீரில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

1801 மார்ச் 2ஆம் தேதி அபூகிர் விரிகுடாவில் நங்கூரம் இறங்கியது. உடனே காற்று கிளம்பி, ஆறு நாள் யாரையும் அசைய விடவில்லை. எட்டாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு வாணம் மேலே போனது. படகுகள் நிரம்பத் தொடங்கின. தட்டையடிப் படகு ஒன்றுக்கு ஐம்பது சிப்பாய்கள், இரண்டு முழங்காலுக்கும் நடுவே துப்பாக்கி, துப்பாக்கியில் மருந்து கிடையாது, பையில் மூன்று நாள் சாப்பாடு. கரையில் கால் படும்வரை யாரும் மருந்து திணிக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கடற்பரப்பு ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் வெகு தொலைவில் நின்றன. அங்கிருந்து படகுகள் மைல் கணக்கில் இருட்டில் வந்து, முன்னால் நிறுத்தியிருந்த சிறு கப்பலைச் சுற்றிக் கூடின. கடைசிப் படகு வந்து சேர்ந்து வரிசை நேராகும்போது மணி ஒன்பது. விடிகாலை இரண்டிலிருந்து ஏழு மணி நேரம் அந்தச் சிப்பாய்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு, முட்டியைக்கூட நீட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே மணல்மேட்டில் பிரெஞ்சுக்காரர்கள் காத்திருப்பது பகல் வெளிச்சத்தில் தெரிகிறது.

பிறகு கொடி ஏறியது. ஐயாயிரம் பேரளவில் ஒரே வரிசையாகக் கரையை நோக்கி வந்தார்கள். மேட்டிலிருந்து முதலில் குண்டுகள், கிட்ட வர வர ஈயச் சிதறல். படகுகள் சில மூழ்கின. மாலுமிகள் துடுப்பை நிறுத்தவில்லை. கரையில் குதித்தவர்களில் 23ஆம், 40ஆம் ரெஜிமென்ட்காரர்கள் மருந்து திணிக்கவும் நிற்காமல், துப்பாக்கி முனைக் கத்தியோடு அந்தச் செங்குத்தான மணல்மேட்டில் கையையும் ஊன்றி ஏறினார்கள். அரை மணி நேரத்துக்குள் மேடு கைவசம். எதிரியின் சுடுபார்வையில், திறந்த கடற்கரையில், பட்டப்பகலில் இப்படி இறங்குவது நடக்காத காரியம் என்றுதான் அதுவரை நினைத்தார்கள். இறங்கிய சிப்பாயின் வீரம் எல்லோருக்கும் தெரிந்தது. மர்மாரிஸில் கட்டிய ஒழுங்கு, ஏழு மணி நேரப் பொறுமை, படகோட்டியின் தோள்பட்டை ஆகியவற்றைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கே தெரியும்.

அதற்கப்புறமும் கீத்துக்கு ஓய்வில்லை. மாலுமிகள் பீரங்கிகளை மணலில் கயிறு கட்டி இழுத்தார்கள். தண்ணீரும் உணவும் மருந்தும் ஒவ்வொரு நாளும் படகில் போயாக வேண்டும். மார்ச் 21ஆம் தேதிச் சண்டையில் ஆபர்குரோம்பிக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது தலைக்கு அணை கொடுத்தது ஒரு சிப்பாயின் கம்பளி. யாருடையது என்று கேட்டாராம். சிப்பாய் ஒருவனுடையது என்றார்கள். பெயர் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டு, 42ஆம் ரெஜிமென்ட் டங்கன் ராய் என்று தெரிந்துகொண்டு, இன்று இரவுக்குள் அந்தக் கம்பளி அவனுக்குத் திரும்பப் போய்ச் சேர வேண்டும் என்றாராம். கீத்தின் கொடிக்கப்பலான ஃபூத்ராயனில் கிடத்திப் பார்த்துக்கொண்டார்கள். 28ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது.

அலெக்சாண்ட்ரியா சரணடைந்த பத்திரத்தில் புதிய தளபதி ஹட்சின்சனோடு கீத்தும் கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சு அறிஞர்கள் திரட்டிய பழம்பொருள்களை ஒப்படைக்கச் சொன்ன ஷரத்து அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ரொசெட்டா கல் அந்த வழியாக வந்தது.

1803 முதல் 1807 வரை வட கடல். எதிர்க்கரையில் பூலோனில் நெப்போலியன் படகு கட்டிக்கொண்டிருந்தான், இக்கரையில் கீத் காவல் காத்தார். நிகழாமல் போன படையெடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பொறுப்பு முடிந்த கையோடு 1808இல் மறுமணம். முதல் மனைவி ஜேன் மெர்சர் ஒரே மகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டு 1789இலேயே இறந்துவிட்டார். மணமகள் ஹெஸ்டர் மரியா திரேல். சின்ன வயசில் டாக்டர் சாமுவேல் ஜான்சன் ‘குவீனி’ என்று செல்லப்பெயர் வைத்து லத்தீன் சொல்லிக்கொடுத்த பெண். அவருக்கு நாற்பத்து மூன்று வயசு, கீத்துக்கு அறுபத்திரண்டு. உலகம் சுற்றிய கப்பல்காரரும் அகராதிக்காரரிடம் பாடம் கேட்டவரும் சேர்ந்த குடும்பத்தில் மறு வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

இனி 1815. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் ஜூலை 15ஆம் தேதி பெல்லரோஃபோன் கப்பலில் ஏறிச் சரணடைந்தார். கேப்டன் மெயிட்லாந்தும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பேரன். கால்வாய் அணியின் தலைவர் கீத். கப்பல் பிளிமத்துக்கு வந்ததும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் படகு பிடித்து வந்து சுற்றி மொய்த்தார்கள். காவல் படகுகள் வட்டமடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தன. கப்பல் மாலுமிகள் பலகையில் எழுதி மேலே தூக்கிக் காட்டினார்கள்: இப்போது காலை ஆகாரம், இப்போது அறைக்குள், இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், இப்போது மேலே வருகிறார்.

கீத் 28ஆம் தேதி முதன்முதலாகப் போய்ப் பார்த்தார். அரசாங்க உத்தரவுப்படி அவர் பேரரசர் கிடையாது, ஜெனரல் போனபார்ட். அவரிடம் என்ன பேசுவது? கீத் நன்றி சொன்னார். வாட்டர்லூவுக்கு முந்தின நாள் ஜெனாப்பில் குதிரைப்படைக் கேப்டன் எல்பின்ஸ்டன் காயம்பட்டுப் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டிருந்தான். நெப்போலியன் தன் வைத்தியரைவிட்டுக் கட்டுப் போடச் சொல்லி, தன் மதுவிலிருந்தே கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். பையன் பிழைத்தான். அவன் கீத்தின் அண்ணன் மகன். தூலோன், ஜெனோவா, எகிப்து, பூலோன் என்று இருபத்திரண்டு வருஷம் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேர் சந்தித்தபோது முதல் பேச்சு, ஒரு பையன் உயிர் பிழைத்ததற்கான நன்றி. இதற்குமேல் பண்பான ஒரு தொடக்கத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

31ஆம் தேதி அரசாங்க அதிகாரி சர் ஹென்றி பன்பரியோடு மறுபடி போனார். செயின்ட் ஹெலினா என்ற தீர்ப்பைச் சொல்ல வேண்டிய நாள். நெப்போலியன் நெடுநேரம் எதிர்த்துப் பேசினார். கிளம்பிய கீத்தைத் தனியாகத் திரும்ப அழைத்து, நான் முறையிட ஏதாவது நீதிமன்றம் உண்டா என்று கேட்டார். தமக்குச் சட்டம் தெரியாது, ஆனால் அப்படி ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை என்று கீத் பதில் சொன்னார். வீண் நம்பிக்கையும் இல்லை, குத்தலும் இல்லை.

நீதிமன்றம் வேறு வடிவத்தில் துரத்தியது. லண்டனில் ஒரு மானநஷ்ட வழக்கு. வழக்குப் போட்டவர் அபூகிரில் படகு நடத்திய அதே காக்ரன். எதிராளி நெப்போலியனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சம்மன் வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிளிமத்துக்கு வந்துவிட்டார். நேரில் கொடுத்தால்தான் சம்மன் செல்லும். ஆகஸ்ட் 4ஆம் தேதி அந்த ஆள் கீத்தின் வீட்டுக்கு வந்தார்; கீத் கப்பலுக்குப் போனார். அந்த ஆள் டோனன்ட் கப்பலின் ஒரு பக்கம் ஏற, எழுபதை நெருங்கிய அட்மிரல் மறுபக்கம் இறங்கிப் பன்னிரண்டு துடுப்புப் படகில் பறந்தார். பெல்லரோஃபோனும் அவசரமாக நங்கூரம் தூக்கிக் கடலுக்குப் போய்விட்டது. எதிரி அணிகளுக்கு முன் நகராமல் நின்றவர், சட்டத்தின் ஒரு தாளுக்கு முன்னால் மட்டும் ஓடினார். சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்று நன்றாகத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

7ஆம் தேதி நார்த்தம்பர்லாந்து கப்பலுக்கு மாற்ற வேண்டும். உடன் வந்தவர்களின் வாள்களை வாங்கிக்கொண்டார்கள், நெப்போலியனின் வாளை மட்டும் தொடவில்லை. டோனன்டின் படகில் கீத்தே கூட உட்கார்ந்து அழைத்துப்போனார். அந்தச் சிறு பயணத்தில் நெப்போலியன் நல்ல மனநிலையில் இருந்தார். எகிப்தைப் பற்றிப் பேசினார், செயின்ட் ஹெலினாவைப் பற்றிப் பேசினார், கூட வந்த பெண்களைக் கடல் மயக்கத்தைச் சொல்லிக் கேலி செய்தார். உங்கள் பழைய பெயர் எல்பின்ஸ்டன்தானே என்றும் கீத்திடம் பேச்சுக் கொடுத்தார். தூலோன் காலத்துப் பெயர் அது. அவர் அதைக் கவனித்து வைத்திருந்திருக்கிறார்.

கீத் டலியாலனில் புதுமாளிகை கட்டினார், கின்கார்டின் கரையில் ஃபோர்த் ஆற்றின் சேற்று நிலத்துக்குக் கரை போட்டு வயலாக்கினார். கடைசிக் காலத்திலும் கடலும் நிலமும் சேருமிடத்திலேயே வேலை. 1823 மார்ச் 10ஆம் தேதி அங்கேயே காலமானார். அந்த மாளிகையில் இன்று ஸ்காட்லாந்துக் காவல்துறையின் பயிற்சிக் கல்லூரி நடக்கிறது.

அவருடைய மூத்த மகள் மார்கரெட் இளவரசி ஷார்லட்டின் உயிர்த்தோழி, பெரும் சொத்துக்கு வாரிசு. அந்தப் பெண் காதலித்தது கவுன்ட் ஃபிளாவோவை. வாட்டர்லூ களத்தில் நெப்போலியன் பக்கத்தில் நின்ற படைத்துணைவர் அவர். அப்பா எவ்வளவோ தடுத்தார். மகள் கேட்கவில்லை, 1817இல் எடின்பரோவில் கல்யாணம் நடந்தது. அவர்களுடைய மகள் எமிலி லான்ஸ்டவுன் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டார். எமிலியின் மகன்தான் 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லான்ஸ்டவுன்: நெப்போலியனின் படைத்துணைவருக்குப் பேரன், நெப்போலியனைக் கப்பலேற்றி அனுப்பியவருக்குக் கொள்ளுப்பேரன்.